பங்களாப் பூவும் என் தங்கச்சியும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் யாராவது என் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள்தான் எனக்காகச் சொல்லவேண்டும். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்து எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளட்டும். ஒரு குளத்தில் களை எடுத்ததைப் பற்றி எழுத இவளுக்கு என்ன உரிமை என்று கேட்டால், அந்தக் குளத்தில் பாதியை நானும் கை நோக இழுத்துப் போட்டேன், அந்த உரிமைதான். மீதிப் பாதியை என் தங்கச்சி இழுத்தாள். எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், முழுக் குளத்தையும் அவள்தான் சுத்தம் செய்தாள் என்பார்கள்.

தென்காசிக்குக் கிழக்கே, வீரகேரளம்புதூர் போகிற பாதையிலிருந்து உள்ளே தள்ளி, அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். சிற்றாற்றிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் மேல ஊர்க் குளத்தை நிரப்பும். அது நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் மறுகால் வழியாக வழிந்து கீழ ஊர்க் குளத்துக்கு வரும். என்னைக் கீழ ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் பிறகு தங்கச்சியை மேல ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். மழை குறைந்த வருஷம் அவர்கள் குளத்தில் தண்ணீர் கிடக்கும், எங்கள் குளத்தில் ஆடு மேயும். மழை நிறைந்த வருஷம் அவர்கள் குளித்து, துவைத்து, மாடு கழுவி மிஞ்சியது எங்களுக்கு வரும்.

மூத்தவள் கழித்த பாவாடையை இளையவள் கட்டிக்கொள்வதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். எங்கள் வீட்டில் அவள் என்னைவிடச் சீக்கிரம் வளர்ந்துவிட்டாள். அவள் கழித்த பாவாடைதான் எனக்கு வந்தது. அவளுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி, எனக்கு எலிவால். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளுக்குக் கேட்கிற வாய் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டியதை வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சொன்ன மறு நிமிஷம் கிடைத்துவிடும். நான் வேண்டியதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, யாராவது கண்டுபிடித்துக் கேட்பார்களா என்று காத்திருப்பேன். ஒருவரும் கேட்டதில்லை.

அவளுக்குக் கலியாணமாகி வந்த முதல் ஆடியில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து குற்றாலத்துக்குச் சாரலுக்குப் போனோம். யுத்தத்துக்கு முந்தின காலம் அது. மாட்டுவண்டியில் போய்ப் பேரருவியில் குளித்து, நனைந்த தலையோடு ஐந்தருவிப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். சாரல் முகத்தில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு பங்களா. முன்னால் சின்னக் கல் குளம். அதில் நான் அதுவரை பார்த்திராத பூ. ஊதாவும் நீலமும் கலந்த நிறம். ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மயில் தோகைக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. இலைக்காம்பு வெங்காயம் போல உப்பியிருந்தது. செடி மண்ணைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவள் நான். இதை மட்டும் அழுத்தி எழுதிவிடுகிறேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். என்ன பார்க்கிறேன் என்று பின்னால் வந்தவள்தான் தங்கச்சி.

"எக்கா, என்ன பூ இது? கண்ணப் பறிக்குதே" என்றாள். அடுத்த வார்த்தையே உள்ளே பார்த்துத்தான். "அண்ணாச்சி! இங்கன வாங்களேன். அந்தச் செடியில ஒண்ணு தாரியளா?"

புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "துரைக்குத் தெரிஞ்சா வைவாரும்மா" என்றார்.

"துரை எண்ணியா வச்சிருக்காரு? இத்தன கெடக்கு. ஒண்ணு கொறஞ்சா குளம் வத்தியா போவும்?"

அவர் சிரித்துவிட்டார். அவளிடம் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். குளிக்க நாங்கள் எண்ணெய் கொண்டுபோயிருந்த செம்பைக் கழுவி, அதில் தண்ணீர் ஊற்றி, ஒரு செடியைப் பூவோடு வைத்துக் கொடுத்தார். அவள் என் பக்கம் திரும்பி, "உனக்கும் ஒண்ணு வாங்கட்டாக்கா?" என்றாள்.

"எனக்கு எதுக்குட்டி அது? வச்சுப் பாக்க எனக்கு நேரம் எங்க இருக்கு" என்றேன்.

வண்டியில் திரும்பும்போது செம்பை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தென்காசியில் கோயில் மொட்டைக் கோபுரத்துப் பக்கம் வண்டி நின்றபோது பூக்காரிகள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செடியை அவள் வீட்டுக் கல்தொட்டியில் விட்டாள். அது ஒரு செடியாகவே இருக்கவில்லை. பக்கத்தில் குட்டி போட்டது, குட்டி குட்டி போட்டது. தொட்டி நிறைந்ததும் மிச்சத்தைக் கொண்டுபோய்க் குளத்துப் படித்துறை ஓரத்தில் விட்டாள். அடுத்த வருஷம் படித்துறைப் பக்கம் முழுவதும் நீலமாகப் பூத்தது. வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேல ஊர்ப் பெண்கள் பறித்துத் தலையில் வைத்தார்கள். ஒரு நாழிகையில் வதங்கிப் போகும், இருந்தாலும் வைத்தார்கள். பங்களாப் பூ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரி தினமும் ஒரு தரமாவது என்னிடம் வந்து சொல்வாள். "ஒன் தங்கச்சி கொண்டாந்த பூவாமே? மேல ஊரே சொக்கிக் கெடக்கு. நீயும் கூடத்தான் குத்தாலம் போன, என்ன கொண்டாந்த?"

"சளி கொண்டாந்தேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே, "ஆமா, அவ கொண்டாந்ததுதான்" என்றேன்.

அதற்கடுத்த வருஷம் பூ படித்துறையோடு நிற்கவில்லை. நடுக்குளம் வரை போயிற்று. பிறகு எதிர்க்கரையைத் தொட்டது. தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே நின்று பார்த்தால் யாரோ கீரைப்பாத்தி போட்டது மாதிரி இருக்கும். எருமைகள் இறங்க மாட்டோம் என்று கரையிலேயே நின்றன. மீன் செத்து நாற்றம் எடுத்தது. குளிக்கப் போகிறவர்கள் கையில் கம்போடு போய், செடியை ஒதுக்கி, ஆள் அளவுக்குக் குழி பண்ணிக்கொண்டு முங்க வேண்டியதாயிற்று. தாலுகாவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து பார்த்து, இது வெங்காயத்தாமரை, பொல்லாத களை, பிடுங்கிக் காயவைத்து எரிக்கவேண்டும், ஒரு குருத்தைக்கூட விட்டு வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. இல்லை என்று எழுதினால் இந்தக் காகிதம் எதற்கு? இனி அவளைத் திட்டுவார்கள், மேல ஊரில் அவள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய மாமனார்தான் மேல ஊருக்குப் பெரியவர். குளத்து விஷயம் எல்லாம் அவர் சொல்படிதான். அவர் முற்றத்தில் உட்கார்ந்து நாலைந்து பேரோடு இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"எம் மருமவ என்ன செய்வா, பாவம்? பூன்னு நெனச்சுக் கொண்டாந்தா. சவம், அது குளத்தையே முழுங்கிட்டு" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "அவுக கை ராசி அப்படி, அண்ணாச்சி. எத வச்சாலும் தழைக்குது" என்றார்.

என் வீட்டில் நான் ஒரு பானையை உடைத்ததற்கு அடுத்த பொங்கல் வரை பேச்சு வாங்கியிருக்கிறேன். அவள் ஒரு குளத்தைக் கெடுத்தாள். கை ராசி என்றார்கள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. மேலக்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. பிடுங்கிக் காயவைத்து எரிக்க யாருக்குப் பொறுமை? மேல ஊர் ஆண்கள் பனந்தடியில் தெப்பம் கட்டி, மூங்கில் கம்புகளால் செடியைக் கூட்டிக்கூட்டி மறுகாலுக்குத் தள்ளினார்கள். மேளம் அடித்துக்கொண்டு தள்ளினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பாய் பாயாகச் செடி மறுகாலில் விழுந்து ஓடியது. மறுகாலுக்குக் கீழே எங்கள் குளம் இருப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் போகிற இடத்துக்கு எதுவும் போகும் என்று இருந்துவிட்டார்கள்.

எங்கள் குளத்துக்கு அது பூவோடுதான் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "ஏளா, வந்து பாரு, பங்களாப் பூ நம்ம குளத்துக்கும் வந்துட்டு!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். தாலுகாக்காரர் சொன்னதை ஊரே கேட்டிருந்தது. மேலக்குளம் கிடந்த கிடப்பை எல்லோரும் பார்த்திருந்தோம். இருந்தும் எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கரையில் நின்று பறித்தோம். கரையில் இருக்கிற அம்மன் கழுத்து நிறைய அந்தப் பூவைக் கட்டிப் போட்டோம். மேல ஊர்க்காரிகள் மட்டும் வைத்துக்கொண்ட பூ இப்போது எங்களுக்கும் வந்துவிட்டது, அதுதான் எங்கள் கண்ணை மறைத்தது. எனக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே மறைத்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த பூ, கேட்காமலே என்னைத் தேடி வந்திருக்கிறது என்று நினைத்தேன். தலையில் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். சாப்பிட உட்கார்ந்தவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "யாரு குடுத்தா?" என்றார்.

"தண்ணி கொண்டாந்திச்சு" என்றேன்.

"ம்" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. பூ வதங்குவதற்கு முன்னால் ஒருவராவது பார்த்தார் என்று வைத்துக்கொண்டேன்.

மார்கழிக்குள் எங்கள் குளம் முழுக்க மூடிவிட்டது. செடியின் வேர் கறுப்பாக, தலைமுடி போலத் தொங்கும். அந்த வேர்ப்பாய் மடைவாயில் போய் அடைந்துகொண்டது. குளம் நிறையத் தண்ணீர், வாய்க்காலில் நூல் போல ஒழுகியது. பிசானப் போகத்து நெல் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்ற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளியே வரும், உள்ளே பால் இருக்காது, எல்லாம் பதராகி, சாவியாகப் போகும். எங்கள் வயல் கடைமடையில் இருந்தது. மேலே உள்ள வயல்களாவது ஈரமாக இருந்தன. எங்களுடையது வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. வீட்டில் வேறு வயல் கிடையாது. அந்தப் பயிர் போனால் அடுத்த கார் நெல் அறுக்கிறவரை என் வீட்டில் அடுப்பில் வைக்க நெல் இல்லை.

எங்கள் ஆட்கள் இறங்கி எடுத்துப் பார்த்தார்கள். எடுக்க எடுக்க, மேலேயிருந்து புதுசு வந்துகொண்டே இருந்தது. மேல ஊரில் மறுகாலை மூங்கில் தட்டி வைத்து அடைத்தால்தான் இங்கே எடுப்பதற்கு அர்த்தம். அவர்களிடம் பெரிய வடக்கயிறுகளும் இருந்தன, ஆளும் இருந்தது. இளவட்டங்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு, "அவனுக குப்பைய நம்ம தலையில கொட்டுவானுக, நாம பாத்துக்கிட்டு இருக்கணுமாலே?" என்று புறப்பட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் நடுவில் போய் நின்று தடுத்தார்.

இரண்டு ஊருக்கும் நடுவே பழைய வழக்கம் ஒன்று உண்டு. தண்ணீர் விஷயத்தை ஆண்கள் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். பேசினால் அடிதடியில்தான் முடியும் என்று முன்னோர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த ஊரிலிருந்து ஒரு பெண், அந்த ஊரில் தன் உறவுக்காரி வீட்டுக்குப் பனையோலையில் முடைந்த கொட்டானில் தின்பண்டம் கொண்டுபோவாள். விஷயம் இன்னது என்று அந்த வீட்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். கொட்டானைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தங்கள் வீட்டுப் பண்டத்தை வைத்துக் கொடுத்தால் சம்மதம். திறக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரு கடுஞ்சொல் கிடையாது. வாய் திறக்கத் தெரியாத எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் அது, என்னைப் போகச் சொல்லும்வரை.

"மேல ஊர்ப் பெரியவர் வீட்டு மருமவ இவ கூடப்பொறந்தவ. இவளத் தவிர யாரு போவா?" என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் போவ மாட்டேன். வேற யாரயாவது அனுப்பச் சொல்லுங்க."

"ஏன்?"

"அவகிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணு கேட்டதில்ல."

"நீ யாருகிட்டதான் கேட்டிருக்க?" என்றார். பிறகு, அவர் வழக்கத்துக்கு அது பெரிய பேச்சு, "ஏட்டி, காலையில வயலுக்குப் போயிட்டு வந்தேன். பயிரு முகத்தப் பாக்க முடியல" என்றார்.

கருப்பட்டி போட்டு அதிரசம் சுட்டேன். ஓரம் கருகாததாகப் பொறுக்கிக் கொட்டானில் அடுக்கி மூடி, எடுத்துக்கொண்டு மேல ஊருக்கு நடந்தேன். கரை வழியாகப் போனால் சீக்கிரம், ஆனால் அவர்கள் குளத்தைப் பார்க்க நேரும். பார்த்தேன். பெரும்பாகம் தெளிந்து, மலை நிழல் விழுந்து, பளிங்கு மாதிரிக் கிடந்தது.

தங்கச்சி வாசலிலேயே நின்றாள். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல் கொட்டானை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ, அவளே வந்து மடியிலிருந்து எடுத்து, என் எதிரிலேயே திறந்து, ஒரு அதிரசத்தைக் கடித்தாள்.

"இதுக்கா எக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஒரு ஆள அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள். வாயில் அதிரசத்தோடு உள்பக்கம் திரும்பி, "மாமா, எக்கா வந்திருக்கா. மறுகாலுக்குத் தட்டி வைக்கச் சொல்லணும். வடத்தையும் குடுத்து விடணும்" என்றாள்.

உள்ளேயிருந்து, "செய்யச் சொல்லு தாயி" என்று குரல் வந்தது. அவ்வளவுதான். வழியெல்லாம் நான் செத்துச் செத்துப் பிழைத்த காரியம் ஒரு அதிரசம் தின்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

பதிலுக்கு அவள் என் கொட்டானில் வைத்தது மலைவாழைப்பழம் ஒரு சீப்பு, அதற்குக் கீழே ஒரு ரவிக்கைத் துணி. கையால் தொட்டுப் பார்த்தேன். நயமான துணி. பண்டத்துக்குப் பண்டம்தான் வழக்கம். துணி வைப்பது வழக்கமில்லை. சம்மதத்தையாவது என் அளவுக்குச் சுருக்கித் தரக்கூடாதா என்று இருந்தது. திரும்பி வரும்போது பழம் கனக்கவில்லை, அந்தத் துணி கனத்தது. ஊரில் எல்லோரும் கொட்டானைத் திறந்து பார்த்தார்கள். "என்ன மனசு பாரு அவளுக்கு!" என்றார்கள். அதிரசம் யார் சுட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சொன்னபடி மேல ஊரிலிருந்து வண்டிகள் வந்தன. மறுகாலில் மூங்கில் தட்டி வைத்தாயிற்று. தென்னைநார் வடங்களை இறக்கினார்கள். கூடவே தங்கச்சியும் இறங்கினாள். பெரியவர் வீட்டு மருமகள் சேற்றில் இறங்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவளாகவே இறங்கினாள்.

வேலை இப்படித்தான் நடந்தது. குளத்துக்குக் குறுக்கே வடத்தைப் போட்டு, ஒரு முனையை அந்தக் கரையிலும் ஒரு முனையை இந்தக் கரையிலும் ஆண்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இழுக்க முடியாத இடத்தில் மாடு பூட்டினார்கள். வடத்துக்கு முன்னால் செடி சுருண்டு பாயாகி ஒரு மூலையில் வந்து ஒதுங்கும். அங்கே பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, அரிவாளால் அறுத்து, அள்ளிக் கூடையில் போட்டுக் கரையேற்றவேண்டும். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். தூக்கினால் நனைந்த மெத்தை கனம். வேருக்குள் அட்டை இருக்கும், தண்ணீர்ப் பாம்பு இருக்கும். கை முழுக்க அரிக்கும். சாயங்காலம் சோற்றைப் பிசைய விரல் மடங்காது.

நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சேறு அவள் கன்னத்தில் பட்டால் சந்தனம் பூசினது மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி, "ஏளா, எருமையோட சேந்து எந்திரிச்சு வாரியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வடம் இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தங்கச்சி, "அத்தான், வடத்த இழுக்கியளா, இல்ல அதப் பிடிச்சுக்கிட்டு தூங்குதியளா?" என்று கூவினாள்.

"நீ கொண்டாந்த சீதனம்லா! மெதுவாத்தான் இழுக்கணும்" என்றார் அவர்.

கரையே குலுங்கிச் சிரித்தது. நான் கையிலிருந்த செடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷத்தில் அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அன்றுதான். பேசத் தெரிந்தவர்தான் போலிருக்கிறது.

முதலில் அள்ளியதையெல்லாம் கரையின் உள்சரிவில், தண்ணீரை ஒட்டியே குவித்திருந்தார்கள். அது காயவில்லை. அடியில் ஈரம் பிடித்து, வெயிலில் கருகிய இலைக்கு நடுவே பச்சைக் குருத்து விட்டிருந்தது. ஒரு குவியல் சரிந்து பாதி தண்ணீருக்குள் போயே விட்டது. நான் அதைப் பார்த்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தங்கச்சியின் காதுக்குள், "இது திரும்ப உள்ள போவுது. கரைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டணும்" என்றேன்.

அவள் உடனே நிமிர்ந்து, "எல்லாரும் கேளுங்க! உள்பக்கம் கொட்டாதிய! கரையத் தாண்டி அந்தப்பக்கம் கொட்டுங்க, இல்லன்னா திரும்பவும் முளைச்சிரும்!" என்று சத்தம் போட்டாள்.

எங்கள் ஊர்ப் பெரியவர் போய்க் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "நெசந்தாம்லே. இந்தப் பிள்ளைக்கு என்ன புத்தி பாரு!" என்றார்.

"நான் இல்ல மாமா, எக்காதான் சொன்னா" என்றாள் தங்கச்சி.

"அடக்கத்தப் பாரு!" என்று பெரியவர் இன்னும் உருகிப் போனார். பக்கத்தில் நின்ற பெண்கள், "அக்காள விட்டுக்குடுக்காம பேசுதா" என்றார்கள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையும் அவள் கணக்கில்தான் சேர்ந்தது.

குவியல்களை எல்லாம் மறுபடியும் தூக்கிக் கரைக்கு அந்தப்பக்கம் கொட்டினோம். வெயில் நன்றாகக் காய்ந்ததால் அடி வரை உலர்ந்தது. பனையோலையும் வைக்கோலும் போட்டுக் கொளுத்தினார்கள். மேலக்குளத்தில் மிச்சம் நின்றதையும் வண்டியில் கொண்டுவந்து எங்கள் நெருப்பிலேயே போட்டார்கள். தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் எங்கிருந்தோ நீர்க்காக்கைகள் வந்து உட்கார்ந்தன. கடைசியில் மடைவாய் ஒன்றுதான் பாக்கி. பலகையை இறக்கித் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஆண்கள் முங்கி முங்கி வேர்ப்பாயை அறுத்து மேலே கொடுத்தார்கள். நான் கூடையில் வாங்கி நெருப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டேன்.

கடைசிக் கூடை. அதில் மேலாக ஒரு செடி, அடிபடாமல், பூவோடு இருந்தது. அதே நீலம், அதே மஞ்சள் பொட்டு. இரண்டு குளத்திலும் சேர்த்து அது ஒன்றுதான் மிச்சம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெருப்பைப் பார்த்து நடந்தேன்.

"எக்கா, நில்லு!"

தங்கச்சி வண்டியிலிருந்து ஒரு கொட்டானை எடுத்துக்கொண்டு வந்தாள். வேலை முடிகிற நாள் என்று முறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால், விளையாட்டும் பாதி நிசமுமாக, இரண்டு கையாலும் கொட்டானை என்னிடம் நீட்டினாள்.

"ஊரு வழக்கப்படி கேக்கேன். அந்த ஒத்தச் செடியக் குடு எக்கா. சத்தியமா குளத்துல விடமாட்டேன். தொட்டியில மட்டும் வச்சுப் பாத்துக்கிடுதேன். இப்படிப் பூவ எங்க போய்ப் பாப்பேன்?"

கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டானை வாங்கினேன். ஓலை வழியாக முறுக்கின் எண்ணெய்ப் பிசுக்கு கையில் பட்டது. எள் வாசனை வந்தது. வேலை செய்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். பங்களா வேலியும் அந்தத் தோட்டக்காரரின் சிரிப்பும் வண்டியில் அவள் மடியில் இருந்த செம்பும் எனக்கு ஞாபகம் வந்தன. வெடித்துக் கிடந்த வயல் ஞாபகம் வரவில்லை. அதுவும் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை.

கொட்டானைத் திறக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவள் கேட்டதற்கு யாரும் 'இல்லை' என்று சொல்லி அவள் பார்த்ததில்லை. நான் யாரிடமும் 'இல்லை' என்று சொல்லி யாரும் பார்த்ததில்லை. அவள் கொட்டானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

எங்கள் ஊர்ப் பெரியவர்தான் அடுத்து வாயைத் திறந்தார். "அப்படிச் சொல்லு! கூடப்பொறந்தவன்னு பாக்காம குளத்தப் பாத்தா பாரு. இவளுக்கில்லா புத்தி!" எங்கள் ஊரில் என்னைப் புகழ்ந்து ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்குப் புகழ்ந்தார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கும் அடக்கம் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

கூடையை எடுத்துக்கொண்டு போய் நெருப்பில் கவிழ்த்தேன். பச்சைச் செடி உடனே எரியவில்லை. புஸ்ஸென்று நீராவி விட்டுக்கொண்டு, பூ மட்டும் கொஞ்ச நேரம் நீலமாகவே நின்றது. அது கறுத்துச் சுருங்குகிறவரை அங்கேயே நின்று பார்த்தேன்.

திரும்பி வந்தால் தங்கச்சி கொட்டானைத் திறந்து, மடைக்குள் முங்கி எழுந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு வாங்கித் தின்றவர்கள், "தங்கமான பொண்ணு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல பாரு" என்றார்கள். என் வீட்டுக்காரர் இரண்டாவது முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார். அவள் எனக்கும் ஒன்று எடுத்து நீட்டினாள். நன்றாகத்தான் சுட்டிருந்தாள். என்னுடையதைவிட நன்றாக.

மறுநாள் காலையில் மடைப்பலகையைத் தூக்கினார்கள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது.